பழைய காரின் டேஷ்போர்டு பிளாஸ்டிக்: எதைப் பூசலாம், எதை அப்படியே விடலாம்

வண்டியை ஓட்டுகிறவர் கண்ணில் எப்போதும் படுவது மீட்டரைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்தான். வெளிப் பெயின்ட்டின் அழகெல்லாம் தெருவில் நின்று பார்ப்பவர்களுக்கு. இருந்தும், பழைய காரைச் சீர் செய்யும்போது உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்குகள் கடைசியாகத்தான் ஞாபகத்துக்கு வரும். அதுவும் வேலை முடியப்போகிற அவசரத்தில், கையில் கிடைத்த ஒரு கறுப்பு ஸ்ப்ரே கேனோடு. அப்படி அடித்ததை மறுபடி சரி செய்வது எவ்வளவு பெரிய வேலை என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் இரண்டு முறை செய்திருக்கிறேன். ஒரு முறை நானே அடித்ததை, இன்னொரு முறை முந்தைய உரிமையாளர் அடித்துவிட்டுப் போனதை.

என் பக்கம் எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டேஷ்போர்டு பிளாஸ்டிக்கின் மேல் தோலைப் போல மெல்லிய வரிகள் இருக்கும். அது அச்சிலேயே வார்க்கப்பட்டது. நிறம் போனால் திரும்பக் கொண்டுவரலாம், உடைந்தால் ஒட்டலாம், அந்த வரி மட்டும் ஒருமுறை அழிந்தால் அழிந்ததுதான். ஆகவே எது வரியைக் காப்பாற்றுகிறதோ, பிடிக்காவிட்டால் எதிலிருந்து திரும்பி வர முடியுமோ, அந்த வழிக்குத்தான் என் ஓட்டு. கீழே சொல்லும் ஒவ்வொன்றையும் இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான் எடை போட்டிருக்கிறேன்.

முதலில், அது என்ன பிளாஸ்டிக்?

பெயின்ட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் பிளாஸ்டிக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே டேஷ்போர்டில் மூன்று விதமான பிளாஸ்டிக் இருப்பது சாதாரணம்.

பாகத்தைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். ஓரளவு பிந்தைய கார்களில் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே ஏபிஎஸ் (விறைப்பான ஒரு பிளாஸ்டிக்), பிபி (பாலிப்ரோப்பிலீன்) போன்ற எழுத்துகள் வார்க்கப்பட்டிருக்கும். 1960களிலும் 70களிலும் வந்த பாகங்களில் பெரும்பாலும் எதுவும் இருக்காது. அப்போது நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். பின்பக்கத்தில் வெளியே தெரியாத ஒரு மூலையிலிருந்து சிறு துணுக்கைச் சீவி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் அது பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் அதன் அடர்த்தி சுமார் 0.9. மூழ்கினால் ஏபிஎஸ் ஆக இருக்கலாம் (சுமார் 1.05), இன்னும் கனமான பிவிசி ஆகவும் இருக்கலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு. விறைப்புக்காக டால்க் பொடி கலந்த பாலிப்ரோப்பிலீன் சில சமயம் மூழ்கிவிடும். அதனால் இரண்டாவது சோதனையையும் செய்துவிடுவது நல்லது: பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு அசிட்டோன் எடுத்து அதே மறைவான இடத்தில் தேயுங்கள். ஏபிஎஸ் என்றால் சில நொடிகளில் மேற்பரப்பு இளகி ஒட்டும், குச்சியில் நிறம் ஏறும். பாலிப்ரோப்பிலீன் அசையவே அசையாது.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெயின்ட் வேலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஏபிஎஸ்ஸைக் கரைப்பான் கொஞ்சம் கடிக்கும், அதனால் பெயின்ட் அதில் வேரூன்றிக்கொள்ளும். பாலிப்ரோப்பிலீனில் எதுவும் இயல்பாக ஒட்டாது, தண்ணீர்கூட முத்து முத்தாக உருண்டு நிற்கும். அதற்கென்றே குளோரின் ஏற்றிய பாலியோலிஃபின் கலந்த 'அட்ஹீஷன் புரமோட்டர்' ஒன்று விற்கிறார்கள். அது இல்லாமல் பாலிப்ரோப்பிலீனில் அடித்த பெயின்ட் நகம் பட்டால் படலமாக உரிந்து வரும்.

மூன்றாவது, டேஷ்போர்டின் மேல்தளத்தில் இருக்கும் மெத்தென்ற தோல். பெரும்பாலும் நுரையின் மேல் போர்த்திய பிவிசி. அதை மென்மையாக வைத்திருப்பது உள்ளே கலந்திருக்கும் எண்ணெய் போன்ற மென்மையூட்டி. வெயிலில் அது மெல்ல மெல்ல வெளியேறுகிறது. பழைய காரின் முன் கண்ணாடியில் உட்பக்கமாகப் படியும் எண்ணெய்ப் படலத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம். மென்மையூட்டி போகப் போகத் தோல் சுருங்கி, விறைத்து, கடைசியில் வெடிக்கிறது. வெடித்த தோலுக்கு எந்தப் பூச்சும் மருந்தல்ல. அதற்கு வேறு தோல் போர்த்த வேண்டும், அல்லது மேலே ஒட்டும் வார்ப்பு மூடி வாங்க வேண்டும். அது தனி வேலை, இங்கே அதற்குள் போகவில்லை.

இன்னும் பழைய, 1930கள் முதல் 50கள் வரையிலான வண்டியில் குமிழ்களும் சட்டங்களும் பேக்கலைட்டாக இருக்கலாம். அதைப் பெயின்ட் அடிக்கவே வேண்டாம், பாலிஷ் போட்டாலே உயிர் வந்துவிடும். ஆனால் அந்தக் காலத்து பேக்கலைட்டில் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருந்தது. உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசியைக் கிளப்பாதீர்கள்.

கழுவிவிட்டு நிறுத்திக்கொள்வது

இதை ஒரு தேர்வாகவே பலர் எண்ணுவதில்லை. எனக்கு இது பட்டியலில் முதலிடம். வெளிறிப் போனது போலத் தெரியும் பாகங்களில் பாதி, உண்மையில் பல வருடத்துப் பாலிஷும் புகையும் கைப்பிசுக்கும் சேர்ந்த படலம்தான். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், மென்மையான பல் துலக்கும் பிரஷ், அப்புறம் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி. இவ்வளவு போதும். வரிகளுக்குள் பிரஷ் போனதும் கறுப்பாக வடியும் தண்ணீரைப் பார்த்தால் நம்பிக்கை வரும்.

மெலமின் ஸ்பாஞ்சை மட்டும் யோசித்துப் பயன்படுத்துங்கள். அழுக்கு மாயமாக மறைவதற்குக் காரணம், அது மிக மெல்லிய உப்புத்தாளைப் போலத் தேய்ப்பதுதான். மழமழப்பான பாகத்தில் மங்கலான திட்டு விழுந்துவிடும்.

கழுவிய பின்னும் சாம்பல் பூத்தது போல இருந்தால், ஏபிஎஸ்ஸுக்குள் இருக்கும் ரப்பர்த் துகள்களை வெயிலின் புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் சேர்ந்து சிதைத்திருக்கின்றன என்று பொருள். அந்த மேல்படலம் செத்த தோல் மாதிரி. அதன்மேல் தடவும் 'டிரெஸ்ஸிங்' திரவங்கள் ஈரம் இருக்கும்வரை கறுப்பாகக் காட்டும், சில வாரத்தில் பழையபடி ஆகிவிடும்.

அந்தத் திரவங்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பளபளவென்று ஆக்கும் பலவற்றில் சிலிக்கான் எண்ணெய் இருக்கிறது. இன்று அதைத் தடவிவிட்டு அடுத்த வருடம் பெயின்ட் அடிக்க நினைத்தால், பெயின்ட் படியாமல் மீன் கண் போல வட்டம் வட்டமாக விலகி ஓடும். என் முதல் முயற்சி கெட்டது இதனால்தான். சோப்புப் போட்டுக் கழுவினேன், தேய்த்தேன், மறுபடி அடித்தேன், மறுபடியும் அதே கண்கள். சிலிக்கான் நீக்கி என்று தனியாகக் கரைப்பான் இருக்கிறது. அதை ஒரு துணியால் தடவி, காய்வதற்கு முன் இன்னொரு சுத்தமான துணியால் துடைத்தெடுக்க வேண்டும். அதே துணியால் துடைத்தால் எண்ணெயை இடம் மாற்றுகிறோம், அவ்வளவுதான். எதிர்காலத்தில் பூசும் எண்ணம் துளியாவது இருந்தால், தண்ணீர் அடிப்படையிலான, சிலிக்கான் இல்லாத பராமரிப்புத் திரவத்தைத் தவிர வேறெதையும் டேஷ்போர்டுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ஹீட் கன் காட்டிக் கறுப்பைத் திரும்ப வரவழைப்பது என்று ஒரு வழி சொல்வார்கள். பம்பரில் செய்து பார்க்கலாம். டேஷ்போர்டில் வரி இளகி வழவழப்பாகிவிடும், பாகம் கோணிக்கொள்ளும், பலனும் சில மாதம்தான். வேண்டாம்.

வெள்ளை, பழுப்பு வெள்ளை போன்ற வெளிர்நிறப் பாகங்கள் மஞ்சளாகிப் போயிருந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடும் புற ஊதா ஒளியும் சேர்த்து வெளுக்கும் முறை உண்டு. பழைய கணினி சேகரிப்பவர்களிடமிருந்து வந்தது. மஞ்சள் போகும். ஆனால் காலப்போக்கில் பலவற்றில் திரும்ப வருகிறது, சிதைந்த பிளாஸ்டிக்கும் பழைய பலத்தைப் பெறுவதில்லை.

வினைல் கோட்டா, பிரைமரும் பெயின்ட்டுமா, டூ-கேயா?

சரி, கழுவியும் போதவில்லை, நிறம் ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் உண்மையான போட்டி இந்த மூன்றுக்குள்தான்.

வினைல் கோட், அதாவது 'வினைல் டை' என்று விற்கும் ஸ்ப்ரேக்கள் பெயருக்குத்தான் சாயம். நிஜத்தில் அவை மிக மெல்லிய, வளையும் தன்மையுள்ள பூச்சு. அதிலிருக்கும் கரைப்பான் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை லேசாக இளக்கி, பூச்சு உள்ளே கவ்விக்கொள்ள வழி செய்கிறது. பூச்சு என்பதால் அடர் நிறத்தின் மேல் வெளிர் நிறமும் அடிக்கலாம், உண்மையான சாயத்தால் அது முடியாது. ஏபிஎஸ்ஸிலும் பிவிசியிலும் பொதுவாகப் பிரைமர் தேவையில்லை. அதுதான் இதன் பெரிய பலம்: படலம் மெல்லியதாக இருப்பதால் தோல் வரி அப்படியே நிற்கிறது.

பிரைமர் போட்டு அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடிக்கும் வழியில் தடிமன் கூடுகிறது. கீறல்களை நிரப்புவதற்கென்றே செய்த பிரைமர், கீறலுக்கும் வரிக்கும் வித்தியாசம் பார்க்காது. இரண்டையும் நிரப்பிவிடும். நான் முதலில் செய்த கன்சோல் (முன் இருக்கைகளுக்கு நடுவே இருக்கும் பெட்டி) மூடி இப்படித்தான் ஆனது. சாம்பல் பிரைமர் இரண்டு கை தாராளமாக அடித்தேன், மேலே கறுப்பு. தூரத்தில் பார்க்க அழகாக இருந்தது. அருகில் வந்தால் பக்கத்துப் பாகத்தில் தோல் வரி தெரிகிறது, இதில் களிமண் பூசினாற்போல ஒரு மொழுக்கு. உரித்தெடுக்கத் தின்னரைத் தொட்டதும் பெயின்ட்டோடு சேர்ந்து ஏபிஎஸ்ஸும் இளக ஆரம்பித்தது. கடைசியில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, மரக்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்ட வேண்டியதாயிற்று. வரி முழுசாகத் திரும்பவில்லை.

அதற்காகப் பிரைமர் எப்போதும் தவறு என்று சொல்ல வரவில்லை. உடைசலை நிரப்பித் தேய்த்த பாகம், முதலிலிருந்தே மழமழப்பாக வார்த்த பாகம், உடல் நிறத்திலேயே பெயின்ட் அடித்திருந்த பாகம் ஆகியவற்றுக்குப் பிரைமரும் பெயின்ட்டும்தான் சரி. பாலிப்ரோப்பிலீனுக்கோ, மூன்றில் எதை அடித்தாலும் புரமோட்டர் கட்டாயம். அதை ஒரே ஒரு மெல்லிய கை, அந்தப் புட்டியில் சொன்ன நேரத்துக்குள் மேல் பூச்சு.

டூ-கே என்பது கெட்டிப்படுத்தி கலந்து அடிக்கும் பெயின்ட். உறுதியில் இதற்கு ஈடில்லை. கதவுக் கைப்பிடிச் சட்டம், கியர் லீவர் சுற்றுப்பட்டை போல மோதிரமும் நகமும் படும் இடங்களில் மற்ற இரண்டும் சில வருடத்தில் தேயும், இது நிற்கும். ஆனால் அந்தக் கெட்டிப்படுத்தியில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் நுரையீரலை நிரந்தரமாக ஒவ்வாமைக்கு ஆளாக்கக் கூடியது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் சிறிதளவு பட்டாலும் ஆஸ்துமா போல மூச்சு முட்டும். மணமும் சரியாகத் தெரியாது, அதனால் முகமூடியின் கரி வடிகட்டி தீர்ந்துபோனதும் நமக்குத் தெரியாது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடியோடு, தனி அறையில் அடிக்க வேண்டிய பொருள் இது. கேனில் வருகிறதே என்று வீட்டு வாசலில் அடிப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். தேவைப்பட்டால் பாகத்தைத் தயார் செய்து, பெயின்ட் பூத் இருக்கும் இடத்தில் கொடுத்து அடித்து வாங்குங்கள். கொடுக்கும்போது மேட் (மினுக்கம் இல்லாத மங்கலான பரப்பு) வேண்டும், எவ்வளவு மேட் வேண்டும் என்று ஒரு மாதிரியைக் காட்டிச் சொல்லிவிட வேண்டும்.

ஏனென்றால் டேஷ்போர்டில் நிறத்தைவிட மினுமினுப்புதான் காட்டிக்கொடுக்கும். கறுப்பு எல்லாம் ஒரே கறுப்பு போலத்தான் தெரியும், ஒன்று அரை மினுக்கும் பக்கத்தில் இருப்பது முழு மேட்டும் ஆனால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். அழகு மட்டும் இங்கே விஷயமில்லை. மேல்தளம் மினுங்கினால் அதன் பிம்பம் முன் கண்ணாடியில் விழுந்து, எதிர்வெயிலில் சாலையை மறைக்கும். தயாரித்தவர்கள் மேல்தளத்தை மங்கலாக விட்டதற்குக் காரணம் உண்டு. ஆகவே மேல்தளத்துக்குக் கிளியர் கோட் (நிறமில்லாத மேல் பூச்சு) அடிக்கவே வேண்டாம். கீழ்ப் பட்டைகளுக்கு அடிப்பதாக இருந்தாலும் மேட் கிளியர்தான்.

நிறம் பார்க்கும்போது வெயில் படாத இடத்தை வைத்துப் பாருங்கள். ஆஷ்ட்ரேயின் உள்விளிம்பு, ரேடியோ சட்டத்துக்குப் பின்னால், ஸ்க்ரூ மூடிக்கு அடியில். தொழிற்சாலையிலிருந்து வந்த நிறம் அங்கேதான் மிச்சமிருக்கும். ஆனால் அந்த நிறத்துக்கு ஒரு பாகத்தை மட்டும் மாற்றினால், வெளிறிய மற்றப் பாகங்களுக்கு நடுவே அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். பக்கத்தில் பக்கத்தில் வரும் எல்லாவற்றையும் அடிப்பதா, வெளிறிய நிறத்துக்கே பொருத்துவதா என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். எனக்கு முதலாவதுதான் பிடிக்கும், வேலை அதிகமானாலும்.

அடிக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாம்பல் நிறத் தேய்ப்புப் பஞ்சால் சோப்புத் தண்ணீரோடு லேசாகத் தேயுங்கள், உப்புத்தாள் வரியின் மேட்டைச் சீவிவிடும். முதல் கை தூவினாற்போல, அடியில் இருப்பது தெரியும்படி. பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு அடுத்தது. மூன்று மெல்லிய கை, ஒரு தடித்த கையைவிட எப்போதும் மேல். ஈரப்பதம் மிகுந்த நாளில் அடிக்காதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, லேக்கர் வகைப் பூச்சு வெளுத்துப்போகும்.

கவனமாக இருக்க வேண்டிய ஓர் இடம் மென்மையான பிவிசி. சாதாரண எனாமலை அதன்மேல் அடித்தால், உள்ளிருந்து கசியும் மென்மையூட்டி எனாமலை இளக்கி, மாதக்கணக்கில் பிசுபிசுவென்று வைத்திருக்கும். அங்கே வினைல் கோட்டுக்கு மாற்றே இல்லை. 2000ஆம் ஆண்டையொட்டி வந்த சில கார்களில் தொட்டால் ரப்பர் போலிருக்கும் பூச்சு இன்று ஒட்டிக்கொண்டு கிடப்பதற்குக் காரணம் வேறு: அந்தப் பாலியூரித்தேன் பூச்சையே ஈரமும் காலமும் சிதைத்துவிட்டன. அதன்மேல் எதையும் பூசாதீர்கள். ஆல்கஹால் நனைத்துப் பொறுமையாக முழுவதையும் எடுத்துவிட்டால், அடியில் பெரும்பாலும் நல்ல பிளாஸ்டிக் இருக்கும். அதையே அப்படியே விட்டுவிடலாம்.

குரோம் கோடுகள்

பழைய மீட்டர் சட்டத்தின் உயிரே அந்த மெல்லிய வெள்ளிக் கோடுதான். எல்லா குரோமும் ஒன்றல்ல. சில பாகங்கள் உண்மையிலேயே மின்முலாம் பூசியவை: ஏபிஎஸ்ஸை அமிலத்தில் நனைத்து, அதிலிருக்கும் ரப்பர்த் துகள்களை அரித்துக் குழிகளாக்கி, அந்தக் குழிகளில் கவ்வும்படி நிக்கல், செம்பு, மறுபடி நிக்கல், கடைசியில் குரோம் என்று அடுக்குவார்கள். நகத்தால் தட்டினால் உலோகம் போலச் சத்தம் வரும். இன்னும் பல பாகங்களில் வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்து, மேலே ஒரு லேக்கரைப் பூசியிருப்பார்கள். அந்த அலுமினியப் படலம் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். மேல் லேக்கர் தேய்ந்ததும் துணியால் துடைத்தாலே போய்விடும், கடுமையான காரச் சோப்பு பட்டால் கரைந்தே போகும். குமிழ்களின் விளிம்பில் இருப்பது பெரும்பாலும் சூடாக அழுத்தி ஒட்டிய வெள்ளித் தாள்.

இதற்கு இருக்கும் வழிகளில் திரவ குரோம் பேனா எளிது. குறுகிய கோட்டுக்கும் எழுத்துக்கும் அது கொடுக்கும் பளபளப்பு உண்மையிலேயே ஆச்சரியப்படுத்தும். ஆனால் முழுதாகக் காய நாட்கள் ஆகும், அதுவரை விரல் பட்டால் கண்ணாடி போலிருந்தது ஈயம் போலாகிவிடும். மேலே கிளியர் அடித்தாலும் பெரும்பாலும் அதே கதிதான். கை படாத மீட்டர் சட்டத்துக்கு இது போதும். கைபடும் குமிழுக்குப் போதாது.

கறுப்பு மினுக்கு அடித்து அதன்மேல் குரோம் பெயின்ட் தூவும் முறை அகலமான பரப்புக்கு நன்றாக வரும், பலவீனம் அதேதான். ஒட்டும் உலோகத் தாள் நேரான விளிம்புகளுக்கு நன்று, குழிவான வளைவில் சுருங்கும். முழு வேலையும் தொழிற்சாலைபோல வேண்டுமென்றால் வெற்றிட முலாம் போடும் பட்டறைக்கு அனுப்புவதுதான் வழி. மின்முலாமைவிட அதைத்தான் நான் சொல்வேன். பழைய, உலர்ந்த ஏபிஎஸ் அமிலக் குளியலில் எப்படி நடந்துகொள்ளும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது, வேறு பிளாஸ்டிக்காக இருந்தால் முலாம் பிடிக்கவே பிடிக்காது. வெற்றிட முறையில் அடியில் ஒரு லேக்கர் வருவதால் சிறு கீறல்களும் மறையும். அனுப்புவதற்கு முன் உடைசல் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். கண்ணாடி போன்ற பரப்பு எந்தக் குறையையும் இரண்டு மடங்காக்கிக் காட்டும்.

முக்கால்வாசி குரோம் நன்றாக இருந்து ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தால்? விட்டுவிடுங்கள். ஐம்பது வருடத்து வண்டியில் அந்த ஓரத் தேய்வு ஒரு குறையே இல்லை.

மரம் போலத் தெரியும் பட்டைகள்

இதில் நீண்ட யோசனை தேவையில்லை. தட்டையான பட்டை என்றால் மர அச்சு வினைல் தாள். ஒட்டலாம், பிடிக்காவிட்டால் உரிக்கலாம். வளைவுகளில் தாளை இழுத்து ஒட்டிய பிறகு, அது பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் இருக்க ஓரங்களை 90 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கச் சொல்வார்கள். ஏபிஎஸ் சுமார் 105 டிகிரியிலேயே இளகும் என்பதை மறக்க வேண்டாம். ஹீட் கன்னை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருங்கள்.

ஆழமான வளைவுகள் இருந்தால் நீரில் மிதக்கும் அச்சுப் படலத்தில் பாகத்தை முக்கி எடுக்கும் முறை அழகாக வரும். ஆனால் மேலே கிளியர் கோட் கட்டாயம், திரும்பிப் போக வழியில்லை, இழையின் ஓட்டம் பக்கத்துப் பட்டையோடு சேருவதும் முக்குகிறவரின் கையைப் பொறுத்தது. உண்மையான மரத் தகட்டை ஒட்டுவது, முதலில் உண்மையான மரம் இருந்த வண்டிக்கு மட்டும். பிளாஸ்டிக் மரத்தோடு வந்த வண்டியில் அது தடிமனைக் கூட்டிப் பொருத்தத்தைக் கெடுக்கும்.

எழுத்துகளும் விரிசல்களும்

ஹீட்டர், விளக்கு, வைப்பர் குறிகள் அச்சிட்டவையாக இருந்தால் எந்தப் பூச்சும் அவற்றை மூடிவிடும். கழுவும்போதுகூட ஆல்கஹால் அழித்துவிடலாம். தொடுவதற்கு முன் ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு தேய்த்து ஒட்டும் எழுத்துத் தாளை அதே அளவில் செய்துகொள்ளலாம். குழிவாகச் செதுக்கிய எழுத்து என்றால் கவலையில்லை. பூச்சு காய்ந்தபின் வெள்ளைப் பெயின்ட்டைக் குழியில் தடவி மேலே வழித்தெடுத்தால் போதும்.

ஏபிஎஸ்ஸில் விரிசலுக்கு நான் நம்புவது ஏபிஎஸ்ஸையேதான். அதே வகைத் துண்டுகளை அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கி, பின்பக்கத்திலிருந்து விரிசலில் அடைத்தால், காய்ந்தபின் ஒரே பொருளாகிவிடும். ஓரிரு நாள் காயட்டும், அவசரப்பட்டுப் பூச்சு அடித்தால் உள்ளிருக்கும் கரைப்பான் மேலே வந்து குமிழிடும். பாலிப்ரோப்பிலீனுக்கு இது வேலை செய்யாது. அதைப் பிளாஸ்டிக் வெல்டிங்தான் சேர்க்கும்.

மாற்றிவிடுவது

ஸ்க்ரூ போகும் தூண்கள் எல்லாம் உடைந்து, தொட்டால் பொடியாகும் நிலையில் இருக்கும் பாகத்தைப் பூசிக் காப்பாற்ற முடியாது. வேறொரு வண்டியிலிருந்து எடுத்த பாகம் கிடைத்தால், புதிதாக வார்த்த நகலைவிட அதைத்தான் முதலில் பார்ப்பேன். வரியும் பொருத்தமும் மாறாது. வாங்குவதற்கு முன் பின்பக்கத் தூண்களையும் கிளிப்புகளையும் பார்க்க வேண்டும், முன்பக்கத்தை அல்ல. முன்பக்கத்தைத்தான் நாம் எப்படியும் சரி செய்யப்போகிறோம்.

முப்பரிமாண அச்சில் செய்துகொள்வது இன்று சாத்தியம், சிறு கிளிப்புக்கும் குமிழுக்கும் நல்ல தீர்வு. பொருளில் மட்டும் கவனம். பரவலாகப் பயன்படும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரியில் இளகத் தொடங்கும். அரிசோனாவில் கோடையில் செய்து 2018இல் வெளியான ஆய்வில், ஒரு மணிநேரம் வெயிலில் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸைத் தொட்டது. பிஎல்ஏவில் செய்த பாகம் ஒரே மதியத்தில் தொங்கிப்போகும். ஏபிஎஸ் அல்லது அதைப் போன்ற ஏஎஸ்ஏ என்று கேட்டு வாங்குங்கள்.

என் வண்டியில் கடைசியாக முடிவானது

மேல்தளத்து மெத்தையைக் கழுவி, சிலிக்கான் இல்லாத திரவம் தடவி நிறுத்திக்கொண்டேன். மீட்டர் சட்டத்துக்கும் நடுப்பட்டைக்கும் பிரைமர் இல்லாமல் வினைல் கோட், மூன்று மெல்லிய கை. வெள்ளிக் கோட்டுக்குப் பேனா. கதவுக் கைப்பிடிச் சட்டம் இரண்டையும் மட்டும் டூ-கே மேட்டில் வெளியே கொடுத்து அடித்து வாங்கினேன். வரி அழிந்த அந்தக் கன்சோல் மூடிக்குப் பதிலாக வேறொரு வண்டியின் மூடி வந்தது, அதையும் மற்றவற்றோடு சேர்த்தே அடித்தேன்.

தொட்டால் காய்ந்தது போலத் தெரிந்தாலும் உடனே பொருத்தாதீர்கள். ஒரு வாரம் விடுங்கள். அவசரமாகப் பொருத்தினால் கிளிப்பின் ஓரம் அழுத்திய இடத்தில் பூச்சு நசுங்கி, பாகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பாட்டரி இணைப்பு கழற்றியபடியே இருக்கட்டும், மீட்டருக்குப் பின்னால் கை போகும். குளிரில் கிளிப்புகள் முறியும், அதனால் வண்டியின் உட்புறம் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும் நேரத்தில் செய்யுங்கள். ஸ்க்ரூவைத் துளையில் வைத்ததும் முதலில் பின்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். பழைய மரை கிடைத்ததும் 'டக்'கென்று கீழே இறங்கும், அங்கிருந்து கையாலேயே முடுக்குங்கள். புதிதாக மரை வெட்டிக்கொண்டு போனால், பல வருடம் தாக்குப்பிடித்த தூண் அந்த நிமிடத்தில் பிளந்துவிடும்.